இன்னும் ஆறு நாள்

அத்தியாயம் ஒன்பது

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். நம் டீச்சர் கெட்டிக்காரி. பதினோரு நாள் ஓட்டிவிட்டாள். அந்தப் பதினோரு நாளும் அவள் ஒழுங்காகத் தூங்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் பாவம்.

வாராவாரம் கூடவே வருகிறவர்களுக்குக் கதை தெரியும். புதிதாக உள்ளே நுழைகிறவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

டீச்சர் எட்டாம் வகுப்புக்கு வரலாறு எடுப்பவள். பள்ளிக்கூடம் அவளுடைய நாத்தனாருடையது. நாத்தனார் என்றால் கணவனின் அக்கா, அவர்தான் பிரின்சிபால். அம்மாவும் அப்பாவும் போன பிறகு தம்பியைத் தூக்கி வளர்த்து, கையைப் பிடித்து எழுதவைத்து, இன்ஜினியராக்கியது அந்த அக்காதான். போன வருஷம் பழைய கட்டடத்தின் மேல் நூலகக் கூடம் ஒன்று எழுப்ப நினைத்தபோது, "வெளியாள் எதுக்கு, என் தம்பி இருக்கானே" என்று அவனிடமே வேலையைக் கொடுத்தார். அவனும் கட்டினான்.

கட்டி முடித்த எட்டாவது மாதம், நூலகத்துக்கு நேர் கீழே இருந்த நாலாம் நம்பர் அறையில், கூரையைத் தாங்கும் பீமில் ஒரு விரிசல் விழுந்தது. விரிசல் அடங்கிவிட்டதா, இன்னும் விரிகிறதா என்று பார்க்க ஒரு பழைய வழி உண்டு. அதற்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடிப் பட்டை ஒன்றை இரண்டு முனையிலும் சாந்து வைத்து ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதிவைப்பார்கள். கட்டடம் ஒரு நூல் அளவு அசைந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். இன்ஜினியர் ஒட்டிய முதல் கண்ணாடி ஒன்பது நாளில் உடைந்தது. இரண்டாவது ஐந்தே நாளில். அவன் யாரிடமும் மூச்சு விடாமல் மூன்றாவதை ஒட்டினான். உடைந்த துண்டுகளைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்தவன், சட்டையைத் துவைக்கப் போடும்போது எடுக்க மறந்துவிட்டான். டீச்சர் கையில் அது சிக்கியது.

"லீவு விடுறவரைக்கும் பொறுத்துக்கோ. இன்னும் பதினேழு நாள்தான்" என்று அவன் கெஞ்சினான். அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுத்துக்கொண்டதோடு நிற்கவில்லை. அந்த அறையில் பாடம் நடந்துகொண்டிருந்தது அவளுடைய எட்டாம் வகுப்புக்கு. மூன்றாவது பெஞ்சில் அவள் மகள். மறுநாளே "மதியத்தில் வெயில் முகத்தில் அடிக்கிறது" என்று அறை மாற்றச் சீட்டு எழுதி நாத்தனாரிடம் கையெழுத்து வாங்கி, வகுப்பை எதிர்க் கட்டடத்தின் மாடிக்கு மாற்றிக்கொண்டாள். நாலாம் நம்பர் அறை காலியானது. காலி அறை விழுந்தால் யாருக்கு என்ன என்று மனதைச் சமாதானம் செய்துகொண்டாள்.

இனி இன்றைய கதை.

காலையில் இன்ஜினியர் டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றான்.

"நேத்து சாயங்காலம் போய்ப் பாத்தேன். கண்ணாடி அப்படியே இருக்கு. பதினோரு நாள் தாண்டிருச்சு. கட்டடம் இனி அசையாம உக்காந்துருச்சுன்னுதான் நெனைக்கிறேன்."

"நெனைக்கிறீங்களா, நிச்சயமாத் தெரியுமா?"

"இன்னும் ஆறு நாள்மா. லீவு விட்ட அன்னிக்கே இரும்பு முட்டுக் குடுத்துருவேன். ஆளுக்குக்கூடச் சொல்லிவெச்சாச்சு. அக்காவுக்குத் தெரியவே வேணாம்."

"அண்ணிகிட்ட சொன்னாத்தான் என்ன? கடிச்சா தின்னுடுவாங்க?"

"திட்டினாத் தாங்கிக்குவேன். அடிச்சாலும் சரி. ஒண்ணுமே சொல்லாம ஒரு பார்வை பாப்பா பாரு, அதைத்தான் என்னால தாங்க முடியாது."

நாற்பத்திரண்டு வயசு ஆம்பிளை, நான்கு மாடி ஐந்து மாடி என்று கட்டுகிறவன், அக்காவின் கண்ணுக்குப் பயந்து நடுங்குவதைப் பார்க்க அவளுக்கு எரிச்சலாக இருந்தது. பரிதாபமாகவும் இருந்தது. அவளே அதே கண்ணுக்குப் பயந்துதான் வாயை மூடிக்கொண்டிருக்கிறாள் என்பதை அந்த நிமிஷம் அவள் வசதியாக மறந்திருந்தாள்.

மகள் தலையை வாரிக்கொண்டே வந்தாள். இருவரும் பேச்சை நிறுத்தினார்கள்.

"என்ன, நான் வந்தாலே ரெண்டு பேரும் வாயை மூடிக்கிறீங்க? எனக்கு ஏதாவது வாங்கப் போறீங்களா?"

"உனக்குப் பரீட்சை வருது. அதைப் பாரு," என்றாள் டீச்சர்.

பள்ளிக்குள் நுழைந்ததும் அவள் கால் தானாக நாலாம் நம்பர் பக்கம் போனது. தினமும் போகும். கதவு பூட்டியிருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பினால்தான் மூச்சு சீராகும்.

இன்று கதவு திறந்திருந்தது.

உள்ளே குட்டி நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை. முழங்கால் உயரம்கூட இல்லாத நாற்காலிகள். நடுவில் பிரின்சிபால் சாவிக்கொத்தோடு நின்று, "அந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளிப் போடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தள்ளிப் போடச் சொன்ன இடம் பீமுக்கு நேர் கீழே.

டீச்சர் நாற்காலிகளைத் தாண்டி உள்ளே போனாள்.

"மேடம், இங்க என்ன நடக்குது?" வீட்டில் அண்ணி, பள்ளியில் மேடம். பதினான்கு வருஷமாக அந்தக் கோட்டை அவள் தாண்டியதில்லை.

"வா கெட்டிக்காரி. உனக்குத்தான் வெயில் ஆகல. சின்னப் பசங்களுக்கு என்ன, மதியத்துக்கு முன்னாடியே வீட்டுக்குப் போயிடுவாங்க. ஒண்ணாங்கிளாஸை இன்னிலேருந்து இங்க உக்காரவைக்கிறேன். எவ்வளவு பெரிய ரூம், பூட்டிப் போட்டுக்கிட்டு."

"இங்க... இங்க எலி இருக்கு மேடம்."

வாயில் வந்தது அதுதான். பதினோரு நாளாகப் பொய் சொல்லிப் பழகிய நாக்குக்கு உண்மை அவ்வளவு சீக்கிரம் வருமா?

பிரின்சிபால் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "எட்டாங்கிளாஸ் இருந்தப்ப வராத எலி, நீங்க போனதும் வந்துச்சா? உன் பாடத்தைக் கேக்கப் பயந்துகிட்டு இருந்துருக்கும்."

நாற்காலி போட்டவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். சாம்பல் நிற பீமின் ஓரத்தில், ஒரு விரல் நீளக் கண்ணாடி முழுசாகத்தான் இருந்தது. பக்கத்தில் கணவனின் கையெழுத்தில் தேதி. அதை யார் பார்த்தாலும் சுண்ணாம்பு அடிக்க வந்தவன் விட்டுப்போன கிறுக்கல் என்றுதான் நினைப்பார்கள்.

பதினோரு நாள் உடையாதது இன்றைக்கா உடையப்போகிறது, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வகுப்புக்கு நடந்தாள். சொல்வதற்குக் காரணம் கிடைத்துவிட்டால் போதும், படித்தவர்கள் எதையும் நம்பிவிடுவார்கள்.

இரண்டாவது பீரியட் எட்டாம் வகுப்பு. பாடம், கடல் கடந்து போய் அழிந்த ஒரு படையின் கதை. இரண்டாயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. பதினான்கு வருஷமாக அவள் சொல்லிவரும் பாடம். அந்தக் கதைக்காகவே மற்ற வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலோரம் வந்து நிற்பதுண்டு.

அவள் ஆரம்பித்தாள். தீவு நகரம் ஒன்றை முற்றுகையிட்ட படை. இரண்டு வருஷமாகியும் பிடிக்க முடியவில்லை. வீரர்களுக்குக் காய்ச்சல், கப்பல்கள் உளுத்துவிட்டன. இனித் திரும்பிப் போவதுதான் புத்தி என்று எல்லோருக்கும் தெரிகிறது. படைத்தலைவர் நல்லவர், படித்தவர், கவனமானவர். இருந்தும் கிளம்ப மாட்டேன் என்கிறார்.

"ஏன் மிஸ்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"தோத்துட்டு வந்தேன்னு ஊர்ல போய் நிக்கப் பயம். எதிரி கையால செத்தாலும் பரவால்ல, சொந்த ஜனங்க என்னைக் குத்தம் சொல்லக் கூடாதுன்னு நெனச்சாரு."

பதினான்கு வருஷம் இதே வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறாள். இன்று காலையில் டீ டம்ளரோடு நின்றவன் இதையேதானே சொன்னான்.

மேலே சொல்லித்தான் ஆக வேண்டும். ஒருவழியாகக் கிளம்ப முடிவு செய்த அன்று சந்திர கிரகணம் வந்தது. குறி சொல்கிறவர்கள், மும்முறை ஒன்பது நாள், மொத்தம் இருபத்தேழு நாள் அசையக் கூடாது என்றார்கள். படைத்தலைவர் சரி என்றார். அந்த நாட்களுக்குள் எதிரி துறைமுகத்தின் வாயை அடைத்துவிட்டான். கப்பல் போயிற்று, படை போயிற்று. மிஞ்சியவர்களைக் கல் வெட்டியெடுத்த குழிக்குள் இறக்கி அடைத்தார்கள். வெயிலிலும் குளிரிலும் கிடந்து செத்தார்கள்.

வழக்கமாக இந்த இடத்தில் அவள் ஒரு ஜோக் சொல்வாள். இன்று சொல்லாமல் புத்தகத்தைத் திருப்பினாள்.

மூன்றாவது பெஞ்சிலிருந்து மகள் கையைத் தூக்கினாள். பள்ளியில் அவளும் மிஸ் என்றுதான் கூப்பிட வேண்டும். "மிஸ், அந்த ஜோக்கை விட்டுட்டீங்க."

"எந்த ஜோக்?"

"எதிரி அவரைக் கொல்லல, காலண்டர்தான் கொன்னுச்சுன்னு சொல்வீங்களே மிஸ்."

வகுப்பு சிரித்தது. டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பி, எதையோ அழிப்பதுபோல் அழித்தாள். பலகையில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

அப்போதுதான் எதிர்க் கட்டடத்திலிருந்து அந்தச் சத்தம் வந்தது. கடகடவென்று ஏதோ உருளும் சத்தம். ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வாசலில் ஒரு வேன். நான்கு பேர் அட்டைப் பெட்டிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றி, மாடிக்குப் போகும் சரிவுப் பாதை வழியாக நூலகக் கூடத்துக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள்.

புத்தகங்கள். ஆறு மாசத்துக்கு முன் அவளே உட்கார்ந்து பட்டியல் போட்டுக் கேட்ட புத்தகங்கள். பழங்கால வரலாறு, கலைக்களஞ்சியம், நிலப்படம். அறுபது பெட்டி. பட்டியலைப் பார்த்து நாத்தனார், "நீ படிக்கிறதுக்கா, வீடு கட்டுறதுக்கா?" என்றுகூடக் கேட்டிருந்தார்.

புத்தகத்துக்கு எடை உண்டு என்று வரலாற்று டீச்சருக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. இன்ஜினியர் பெண்டாட்டிக்கு அது தெரியாமல் இருக்குமா?

வகுப்பை எழுதச் சொல்லிவிட்டு வராந்தாவுக்கு வந்து போன் செய்தாள். கணவன் ஊரின் மறுகோடியில் ஒரு வேலையில் இருந்தான். பின்னால் கலவை இயந்திரம் இரைந்தது.

"ஏங்க, லைப்ரரிக்குப் புஸ்தகம் வந்துருக்கு."

"எத்தனை பெட்டி?"

"அறுபது."

"எங்க வெக்கிறாங்க? சுவரோரமா, நடுவுலயா?"

அவள் எதிரே நூலகத்துக்குள் எட்டிப் பார்த்தாள். "நடுவுல அடுக்குறாங்க."

அவன் மிக மெதுவாக, "நீ போய்க் கண்ணாடியைப் பாரு," என்றான். "லைன்லயே இரு."

அவள் ஓடவில்லை. ஓடினால் யாராவது ஏன் என்று கேட்பார்கள். வேகமாக நடந்தாள். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பது பொய்யில்லை. மாடிப்படியும் நாற்பது அடி வராந்தாவும் அன்று முடியவே மாட்டேன் என்றன.

நாலாம் நம்பர் அறையில் இருபத்தெட்டுக் குழந்தைகள். ஒண்ணாங்கிளாஸ் டீச்சர் ஒரு வரி சொல்ல, எல்லாம் ஒரே குரலில் திருப்பிச் சொல்லின. தலைக்கு மேலே தள்ளுவண்டி உருண்டது. ஒவ்வொரு தடவை உருளும்போதும் ஜன்னல் கம்பி ஒன்று கிர்ரென்று அதிர்ந்தது. குழந்தைகளுக்கு அது வேடிக்கையாக இருந்தது. அந்தக் கிர்ரையும் சேர்த்துச் சொல்லிச் சிரித்தன.

வாசலில் நின்றபடி போனின் கேமராவைத் திறந்து, பீமை நோக்கிப் பெரிதாக்கினாள். படம் நிலைக்கவில்லை. தோளைக் கதவில் அழுத்திக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

கண்ணாடியின் நடுவே முடி அளவில் ஒரு கோடு.

தூசியாக இருக்கும், நிழலாக இருக்கும் என்று மனசு இரண்டு நொடி வக்காலத்து வாங்கியது. மேலே வண்டி மறுபடி உருண்டது. கண்ணாடியின் ஒரு பாதி சாந்தோடு கழன்று, சத்தமே இல்லாமல் கரும்பலகைக்கு முன்னால் தரையில் விழுந்தது. யாரும் கவனிக்கவில்லை.

"உடைஞ்சுருச்சு," என்றாள் போனில். தன் குரல் தனக்கே அடையாளம் தெரியவில்லை.

"கேளு. பதறாத. நான் கெளம்பிட்டேன். அரை மணி நேரம். நானே வந்து அக்காகிட்ட பக்குவமா சொல்லிக்கிறேன். நீ ஏதாவது சாக்கு சொல்லிக் குழந்தைங்கள மட்டும் வெளிய கூட்டிட்டு வந்துரு. வேற யார்கிட்டயும் வாயைத் திறக்காத. அரை மணி நேரம்தான்மா."

பதினேழு நாள், ஆறு நாளாகி, இப்போது அரை மணி நேரத்தில் வந்து நின்றது. இந்த அரை மணியும் அவர்களுடையது இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. மேலே நான்கு பேர் பெட்டி அடுக்குகிறார்கள். பக்கத்து அறையில் இரண்டாம் வகுப்பு. அவர்களுக்கெல்லாம் என்ன சாக்கு சொல்வது? இன்னொரு எலியா?

போனை வைத்தாள். கட்டடத்துக்குப் பயமா, நாத்தனாருக்குப் பயமா என்று பிரித்துச் சொல்ல அவளால் முடியவில்லை. இரண்டும் ஒரே இடத்தில்தான் வலித்தது.

உள்ளே போனாள். ஒண்ணாங்கிளாஸ் டீச்சர் காதருகே, "பசங்களைக் கூட்டிக்கிட்டு உடனே மைதானத்துக்குப் போங்க," என்றாள்.

"மேடம் சீட்டு குடுத்துருக்காங்களா?" அந்தப் பள்ளியில் சீட்டு இல்லாமல் ஒரு வகுப்பு நகராது. அது பிரின்சிபால் போட்ட சட்டம். "சீட்டு இல்லாம நான் எப்படி... போன வாரம்தான் திட்டு வாங்கினேன்."

"மேல பீம் விரியுது. விழுந்தாலும் விழும். கெளம்புங்க."

ஒண்ணாங்கிளாஸ் டீச்சரின் முகத்தில் ரத்தம் இறங்கிப்போனது. ஆனால் நல்ல டீச்சர் அவள். திரும்பி, கை தட்டி, "எல்லாரும் ரயில் வண்டி. முன்னாடி இருக்கறவங்க தோளைப் பிடிங்க," என்றாள். இருபத்தெட்டுப் பேரும் கூவென்று ஊதிக்கொண்டு கிளம்பினார்கள். ஒருவன் தண்ணீர் பாட்டிலை எடுக்கத் திரும்பி ஓடினான். நம் வரலாற்று டீச்சர் அவனைப் பாதி வழியில் பிடித்து, அப்படியே தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். இறக்கிவிட்ட பிறகும் அவன் சட்டையைப் பிடித்திருந்த விரல்கள் விடவில்லை.

"யார் சொல்லி வெளிய விட்டது?"

வராந்தாவின் முனையில் பிரின்சிபால். அவர் குரலை உயர்த்தியதே இல்லை, தேவைப்பட்டதும் இல்லை.

"நான்தான் அண்ணி," என்றாள் டீச்சர்.

வராந்தா முழுக்க ஆள் நிற்கிறது. மேடம் என்ற சொல் அவளுக்கு வரவில்லை.

"நாலாம் நம்பர் பீம்ல விரிசல் அண்ணி. இப்ப அசையுது. மேல பெட்டி அடுக்குறவங்களை நிறுத்தச் சொல்லுங்க. பக்கத்து ரூமையும் காலி பண்ணணும்."

நாத்தனார் அவள் முகத்தைப் பார்த்தார். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நேரே போய் மணியின் கயிற்றைப் பிடித்து, தானே இழுத்தார். நிற்காத மணி. மேலே நூலகத்தில் பெட்டி அடுக்கியவர்களிடம் கையைக் காட்டி, "அப்படியே போட்டுட்டு எறங்குங்க," என்றார். ஐந்து நிமிஷத்தில் அந்தக் கட்டடமே காலி.

பிறகு யாரும் தடுப்பதற்குள் நாலாம் நம்பர் அறைக்குள் போய்விட்டார்.

"அண்ணி, வேணாம். வெளிய வாங்க."

அவர் வரவில்லை. குட்டி நாற்காலிகளுக்கு நடுவில் நின்று, தலையைத் தூக்கி, பீமின் ஓரத்தில் எழுதியிருந்த தேதியைப் படித்தார். அந்த எழுத்தை அவருக்கு யாரும் அடையாளம் சொல்ல வேண்டியதில்லை. கை பிடித்து எழுதவைத்தவர் அவர்தானே. டீச்சர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, உள்ளேயும் போக முடியாமல், வெளியேயும் வர முடியாமல் நின்றாள். பீமிலிருந்து உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து ஒரு மஞ்சள் நாற்காலியின் மேல் விழுந்தது. நாற்காலி சாய்ந்தது.

நாத்தனார் அதை நிமிர்த்தி வைத்துவிட்டு வெளியே வந்து கதவைப் பூட்டினார். எந்தச் சாவி என்று அவர் தடுமாறியதை டீச்சர் முதல் தடவையாகப் பார்த்தாள்.

மைதானத்தில் எல்லா டீச்சர்களும் கூடி நின்றார்கள். பிரின்சிபால் டீச்சரின் தோளில் கை வைத்து அவர்கள் எதிரில் நிறுத்தினார்.

"உறவுக்கு இவ என் தம்பி பொண்டாட்டி. ஆனா இன்னிக்கு என் புள்ளைங்க இருபத்தெட்டுப் பேரைக் காப்பாத்தியிருக்கா. கெட்டிக்காரி, கெட்டிக்காரின்னு நான் கிண்டல் பண்ணுவேன். இனிமே கிண்டல் இல்ல."

யாரோ கை தட்டினார்கள். அப்புறம் எல்லோரும் தட்டினார்கள். பீமுக்குக் கீழே நின்றபோதுகூட டீச்சருக்கு இவ்வளவு பயமில்லை.

வாசலில் ஒரு வண்டி சாய்த்துப் போடப்பட்டது. இன்ஜினியர் ஓடிவந்தான். தலை முழுக்கச் சிமெண்டுத் தூசி. அக்காவின் எதிரில் வந்து நின்றவன், வழியெல்லாம் தயார் செய்திருந்த பக்குவத்தை மறந்துபோனான்.

"அக்கா. தப்பு என்மேலதான். எனக்கு முன்னாடியே தெரியும். ரெண்டு கண்ணாடி உடைஞ்சுது. மறைச்சுட்டேன்."

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அவன் பயந்த அந்தப் பார்வையைத்தான் பார்த்தார். அவன் தலை தாழ்ந்தது.

"இவளுக்கு ஒண்ணும் தெரியாது அக்கா," என்றான். "இன்னிக்குத்தான் பாத்தா. பாத்ததும் எனக்குப் போன் பண்ணினா."

சொல்லிவிட்டு மனைவியை ஒரு கணம் பார்த்தான். ஆமாம் என்று தலையசைத்தால் போதும். கணவன் தாங்கிக்கொள்வான், நாத்தனார் நம்புவார், ஊர் கொண்டாடும். மகள் தோழிகளோடு நின்று அவளைப் பார்த்துப் பெருமையில் சிரித்துக்கொண்டிருந்தாள். பதினோரு நாளாக அவள் தேடிய சாக்குகளில் எதுவும் இவ்வளவு அழகாக அமைந்ததில்லை.

"இல்ல அண்ணி," என்றாள். "அவர் பொய் சொல்றாரு. எனக்கும் பதினோரு நாளாத் தெரியும்."

கணவன் கண்ணை மூடிக்கொண்டான்.

நாத்தனாரின் கை அவள் தோளிலிருந்து இறங்கியது. அவர் கணக்குப் போடுவது முகத்திலேயே தெரிந்தது.

"பதினோரு நாளா," என்றார். "அப்பதான நீ சீட்டு எழுதிக்கிட்டு வந்தே. வெயில் அடிக்குதுன்னு."

"ஆமா அண்ணி."

"உன் கிளாஸை நகர்த்திக்கிட்டே. உன் பொண்ணை நகர்த்திக்கிட்டே. அந்த ரூமைக் காலியா என்கிட்ட குடுத்தே."

"காலியாவே இருக்கும்னு நெனச்சேன்."

"காலியா இருக்க இது பள்ளிக்கூடம். குடோன் இல்ல."

அழுதால் யாராவது தேற்றுவார்கள். அது வேண்டாம் என்று டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டாள். மகளின் சிரிப்பு எப்போது நின்றது என்று அவள் பார்க்கவில்லை.

"அஞ்சு மணிக்குப் பெத்தவங்க எல்லாரையும் வரச் சொல்லியிருக்கேன்," என்றார் நாத்தனார். "நீதான் பேசணும்."

"அக்கா, நான் சொல்றேன்," என்றான் தம்பி.

"உன் முறை வரும். மொதல்ல இவ சொல்லட்டும்." அவளைப் பார்த்துத் தொடர்ந்தார். "எல்லாத்தையும் சொல்லு. அந்த வெயிலையும் சேத்துச் சொல்லு."

சாவிக்கொத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவர் அலுவலக அறைக்குப் போனார். டீச்சர்கள் ஒவ்வொருவராக வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நகர்ந்தார்கள். கணவன் மட்டும் பக்கத்தில் நின்றான்.

அஞ்சு மணிக்கு இன்னும் ஆறு மணி நேரம் இருந்தது. எப்படி ஆரம்பிப்பது, எந்தச் சொல்லை முதலில் வைப்பது என்று அவள் மூளை பழைய பழக்கத்தில் வேலை செய்ய ஆரம்பித்தது.

கேட்டைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் ஓடிவந்தாள். பக்கத்துத் தெருக்காரி, சேதி அவளுக்கு முதலில் போயிருக்கிறது. மைதானத்தில் மகனைத் தேடிப் பிடித்து, தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தாள். தண்ணீர் பாட்டிலுக்காகத் திரும்பி ஓடிய அதே பையன். அவன் டீச்சரைக் கையால் காட்டி ஏதோ சொன்னான்.

அந்தத் தாய் நேரே வந்து டீச்சரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"உங்களாலதான் டீச்சர். நீங்க மட்டும் இல்லன்னா... என்ன சொல்றதுன்னே எனக்குத் தெரியல. டேய், டீச்சர் காலைத் தொட்டுக் கும்பிடுடா."

பையன் குனிந்தான். டீச்சர் அவனைப் பாதியிலேயே பிடித்து நிமிர்த்தினாள். கணவன் அவள் கையை லேசாக இழுத்து, "அஞ்சு மணிக்குச் சொல்லிக்கலாம்," என்றான்.

அவள் கையை விடுவித்துக்கொண்டாள்.

"கொஞ்சம் இப்படி உக்காருங்கம்மா," என்றாள் அந்தத் தாயிடம். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."